இன்னும் நான்கு பேர்

அவள் இரண்டாம் முறை எண்ணினாள்.

வலப்பக்க முறத்தில் நாற்பத்தொரு புளியங்கொட்டைகள். கிணற்றை மூடலாம்.

இடப்பக்க முறத்தில் முப்பத்தெட்டு. மூட வேண்டாம்.

மூச்சை மெல்ல விட்டாள்.

கிணற்று நீரில் கழிவு கலந்துவிட்டதாகப் பரிசோதனைத் தாள் சொன்னது. ஆடியில் நான்கு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தன. மேட்டில் புதுக் குழாய் தயாராக இருந்தது. இருந்தும், சுகாதார அதிகாரியான அவள் மூடச் சொல்லி உத்தரவிடவில்லை. ஊர் கொட்டை போட்டு முடிவெடுக்கும், சுகாதார நிலையம் கட்டுப்படும். அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

"எண்ணி முடிச்சாச்சுன்னா கொட்டயத் தாங்க மேடம், பல்லாங்குழிக்கு ஆவும்," என்றார் பின்வரிசையில் ஒருவர்.

சிரிப்பு எழுந்தது. முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. ஆடியில் மகனை இழந்தவள்.

"இன்னும் நாலு பேரு போடல மேடம்," என்றாள்.

ஆண்டுத் திதி முடியும்வரை இறந்தவர்களுக்கும் அந்த ஊரில் பங்குண்டு. குளத்து மீனைப் பகிரும்போது அவர்கள் பெயருக்கும் ஒரு கூறு வைப்பார்கள். அவளுக்கு அது தெரியும். சுகாதார நிலையப் பதிவேட்டில் மரியாதையோடு எழுதியும் வைத்திருந்தாள்.

மறுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எந்த முறத்தை நாடுவார்கள் என்பதில் அவளுக்கு ஐயமில்லை.

நான்கு தாய்மாரும் எழுந்தார்கள்.

உள்ளங்கையில் கொட்டையை வைத்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில் யாரோ பேசுவதைக் கேட்பவர்கள்போலச் சற்றுக் குனிந்து நின்றார்கள்.

பிறகு நடந்தார்கள்.

இடப்பக்கம்.

இடப்பக்கம்.

இடப்பக்கம்.

இடப்பக்கம்.

நாற்பத்திரண்டு.

பல்லாங்குழி என்றவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீங்களே இப்படிச் செய்தால்..." அதிகாரி இடப்பக்க முறத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்களுது மூடச் சொல்ற மொறத்துலதான் கெடக்கு. மொதல்லயே போட்டாச்சு. இது பிள்ளையளோடது." முத்துப்பேச்சி கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "மூடுனா கெணத்துக்குள்ள இருக்க அதுகளுக்கு இருட்டாயிருமாம்."

யாரும் அவளைத் திருத்தவில்லை.

கைக்குழந்தை முந்தானை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. அது நடக்கத் தொடங்கும், தாகம் எடுக்கும். வாளியும் கயிறும் அங்கேயே இருக்கும்.

அதிகாரி தாய்மாரிடம் கேட்டாள். சிமெண்ட் பலகை வேண்டாம். இரும்புக் கம்பி போடலாமா? வெளிச்சம் இறங்கும். வாளி இறங்காது.

தாய்மார் மறுபடியும் குனிந்தார்கள்.

நிமிர்ந்து, தலையசைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை வெல்டிங் செய்பவர் வந்தார். கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி என்று விசாரித்தார்.

அவள் பதில் சொல்லுமுன், முத்துப்பேச்சி கிணற்றுச் சுவரின்மேல் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்துக் காட்டினாள்.

வாளி நுழையாது.

ஒரு சிறு கை வெளியே வரும்.