இருபுறமும் ஐந்து

மாப்பிள்ளைக்கு முப்பத்தாறு வயது என்று பயோடேட்டாவில் எழுதியது தரகர் சாமுவேல்தான். பதினெட்டு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு வயதுக் கணக்கு நடத்தும் தேவசகாயம், தன் வயதுக்கே தப்பான விடையோடு பெண் பார்க்க வந்திருந்தான். பெண்ணும் கணக்கு டீச்சர் என்பதை வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அம்மா சொன்னாள்.

இருவரும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்று பியூலா சாதாரணமாகக் கேட்டாள்.

"உங்க தம்பிக்கு என்ன வயசு சார்?"

"முப்பத்தெட்டு."

சொன்ன பிறகுதான், தம்பியின் வயதைக் குறைக்க எல்லோருமே மறந்துபோனது அவனுக்கு உறைத்தது.

"உங்களவிட எத்தன வருஷம் சின்னவரு?"

"மூணு."

"அப்ப உங்க வயச எக்ஸ்னு வச்சுக்குவோம்."

"வேண்டாங்க. நாப்பத்தொண்ணு."

இதோடு ஒன்பதாவது சம்பந்தமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டான். கேசரி நன்றாக இருந்தது. அதையாவது கௌரவம் பார்க்காமல் முழுதாகச் சாப்பிட்டிருக்கலாம்.

பியூலா கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள். "தரகர் எனக்கு எத்தனைன்னு போட்டிருக்காரு?"

"முப்பது."

"நான் இருபத்திரண்டுல வேலைக்குச் சேந்தேன். பதிமூணு வருஷ சர்வீஸ்."

தேவசகாயம் மனதுக்குள் கூட்டினான். கூட்டி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் அஞ்சு கழிச்சிருக்காரு. வித்தியாசம் அப்படியேதான் இருக்கு."

"ஆறு," என்றாள் அவள்.

உள்ளேயிருந்து அவள் அம்மா கூப்பிட்டாள். "பேசியாச்சா பியூலா?"

"விடை வந்துடுச்சும்மா. சரிபாத்துக்கிட்டு இருக்கோம்."