செமேனி பெயரில் ஒரு பூச்சி

கைதட்டல் எதற்கென்று செமேனிக்கு முதலில் புரியவில்லை.

ஒன்பது நாள் காட்டில் கிடந்துவிட்டு உளுகுரு மலையிலிருந்து நேராக வந்திருந்தாள். பூட்ஸில் சேறு இன்னும் காயவில்லை. தோள்பையின் பக்கவாட்டு உறையில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பூச்சியியல் ஆய்வுக்கூடத்துக்குள் கிட்டத்தட்ட ஓடித்தான் வந்தாள்.

ஆய்வு வழிகாட்டி டாக்டர் கோபேலோவிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லலாமென்றால் மலையில் சிக்னல் கிடையாது.

அதற்குள் இந்தக் கைதட்டல்.

"வாம்மா பூச்சியம்மா" என்றாள் தௌசி. அந்தத் துறைக்கே தேநீர் போடுகிறவள். வாய் மட்டும் எந்தப் பேராசிரியருக்கும் இளைத்ததில்லை. "உன் பேரைப் பூச்சிக்கு வெச்சுட்டாங்களாமே. ஒரு ஆட்டுக்கு வெச்சிருந்தா எங்களுக்கும் ரெண்டு துண்டு கறி கிடைச்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். செமேனியும் சிரித்தாள்.

கோபேலோ நாலு தாளை அவளிடம் நீட்டினார். நேற்று வெளியான கட்டுரை. தலைப்பில் புதுப் புதர் வெட்டுக்கிளியின் பெயர் சாய்வெழுத்தில் இருந்தது. பெயரின் பின்பாதி 'செமேனியே', அவள் பெயரின் லத்தீன் வடிவம்.

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

அந்தப் பூச்சியின் பாட்டை முதலில் கேட்டது அவள் காதுதான். இறக்கையோடு இறக்கையை உரசி அது பாடும். இறக்கைக்கு அடியில் அரம் மாதிரி ஒரு கோடு, அதில் நூற்றுப் பதினெட்டுப் பற்கள். மூன்று முறை எண்ணினாள். கால், மீசை, வால் நுனி என்று அளந்து அளந்து பதினான்கு மாதம் எழுதினாள்.

அந்தப் பெயருக்குக் கீழே, எழுதியவர்கள் இருக்குமிடத்துக்குக் கண் இறங்கியது.

கோபேலோ.

அவ்வளவுதான்.

தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பத்திரிகைக்கு அனுப்பியபோது முதல் பெயர் அவளுடையது. இரண்டாவதுதான் அவர். பூச்சிக்கு வைத்திருந்தது மலையின் பெயர். கடைசித் திருத்தத்தை மட்டும், "நீ காட்டுக்குக் கிளம்பு, நான் பார்த்துக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

"சார், என் பேரு..."

"அதான் தலைப்புலயே இருக்கே மகளே." குரலில் தேன் வழிந்தது. "தன் பேரைத் தானே பூச்சிக்கு வெச்சுக்கறது நம்ம தொழில்ல அசிங்கம். உன் பேரை வைக்கணும்னா எழுதினவங்க வரிசையில நீ இருக்கக் கூடாது. கட்டுரை பழசாயிடும், பூச்சி பேரு நிக்கும். எது பெரிசு, நீயே சொல்லு."

செமேனி தாளை இரண்டாக மடித்தாள்.

விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எழுதியவர் என்று பெயர் போட்ட கட்டுரை ஒன்றாவது வேண்டும். அந்த விண்ணப்பத்தை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்ததே கோபேலோதான். தன் பெயர் வைத்த பூச்சிகளை எழுத அதில் கட்டம் கிடையாது.

மரபு நிஜம்தான். அதுதான் குத்தியது. மாலை போட்டுக் கழுத்தை அறுக்க ஒரு மரபு தோதாக இருந்திருக்கிறது.

தௌசி சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். ஒரு கோப்பையில் சர்க்கரையை ஒரு கரண்டி கூடப் போட்டு, சத்தமில்லாமல் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரே ஒரு குறை" என்றார் கோபேலோ, மன்டாசிப் பணியாரத்தைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்தபடி. "பெண் பூச்சி இதுவரை கிடைக்கலைன்னு எழுத வேண்டியதாப் போச்சு. இந்தத் தடவையாவது மாட்டுச்சா?"

செமேனியின் கண் சுவருக்குப் போனது. அங்கே ஒரு பழைய படம். ஜெர்மன்காரர்கள் ஆண்ட காலத்தில் அதே மலையில் பிடித்துப் பெயரிட்ட பெண் வெட்டுக்கிளி, வாலில் முட்டையிடும் உறுப்பு சிவப்பு அரிவாள் மாதிரி, நுனி மட்டும் கறுப்பு. அதன் ஆணை நூறு வருஷமாக யாரும் பார்த்ததில்லை.

"இல்ல சார்" என்றாள்.

தேநீரைக் குடித்தாள். தன் மேசைக்குப் போனாள். பையிலிருந்து குப்பியை எடுத்து, விளக்கடியில் வைத்தாள்.

சாராயத்தில் இரண்டு பூச்சிகள். நேற்று ராத்திரி ஒரே இலையில், இணைந்த நிலையில் பிடித்தவை. ஆண், நூற்றுப் பதினெட்டுப் பற்காரன். பெண்ணின் வாலில் சிவப்பு அரிவாள், கறுப்பு நுனி. சுவரில் இருக்கும் அதே இனம்.

ஒரு பூச்சிக்கு இரண்டு பெயர் இருந்தால் பழையது நிற்கும், புதியது அழியும். 'சார், கட்டுரையை நிறுத்துங்க, உங்க மானம் போயிடும்' என்று சொல்லத்தான் விடிகாலையில் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி ஓடி வந்திருந்தாள்.

கணினியைத் திறந்தாள். புதுப் பக்கம்.

தலைப்பை அடித்தாள். செமேனியே என்ற பெயர் செல்லாது.

அதற்குக் கீழே, எழுதியவர் இருக்குமிடத்தில், ஒரே ஒரு பெயர்.

செமேனி.