விழிக்காத சவுண்டு கார்டு

"சத்தம் வந்துருச்சுங்களா, தம்பி?" பாத்திரப் பட்டறை ஷேக் பரீத் பாய் மூன்றாவது நாளாக என் முகத்தையே பார்த்துக் கேட்டார். "நாப்பது வருசமா அண்டாவத் தட்டி ஊரையே எழுப்பறேன். உங்க பொட்டி எந்திரிக்க மாட்டேங்குதே!"

இறந்துபோன அவர் மகள் ரம்ஷா கம்ப்யூட்டரில் பதிந்து வைத்த குரல் அதற்குள் ஊமையாகக் கிடந்தது.

சவுண்டு கார்டு விழிக்கும் முன்பே, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் கட்டளை அனுப்பிவிடுகிறது. நான் எழுதிய டிரைவர், என் தவறு. சற்றுக் காத்திருக்கும்படி திருத்தினேன்.

குரல் வந்தது. "அத்தா, ஆபரேஷன் முடிஞ்சு நீங்க கேக்குற மொதக் குரல் என்னோடதா இருக்கணும்."

வந்துவிட்டது என்று பாயைப் பார்த்துத் தலையாட்டினேன். பாய் நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டார்.

"அவ போனப்புறம் காது ஆபரேஷனே வேண்டாம்னுபோட்டேனுங்க. என்ன சொல்றா? மெல்லச் சொல்லுங்க, உதட்டப் பாத்துக்கறேன்."