வெளிப்பூச்சு

"வெளிச்சுவருக்குப் பூச்சே வேணாம் மேரி. கல்லு கல்லாத் தெரிஞ்சா மலைக்கோட்டை மாதிரி கம்பீரமா இருக்கும்" என்றார் இருதயநாதன்.

அவர் மனைவி செல்வமேரி ஒத்துக்கொள்ளவில்லை. பொன்மலையில் இந்தப் புது வீட்டுக்குக் குடிவந்த அன்றே கல்லிடுக்கில் பாம்புச்சட்டையைப் பார்த்தவள் அவள்.

"உங்களுக்குக் கம்பீரம். எனக்குக் குலை நடுங்குதுங்க. ஒரு பொந்து விடாம சிமெண்ட் பூசச் சொல்லுங்க."

"பர்மிட்டுல கிடைச்ச சிமெண்ட் ஒரு பக்கத்துக்குத்தான் வரும். அப்போ உள்பக்கம்?"

"அது கல்லாவே கிடக்கட்டும். பாம்பு வெளியிலேருந்துதானே வரும்!"

பூச்சு முடிந்த சாயங்காலம், வழுவழுவென்றிருந்த வெளிச்சுவரைத் தடவிப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குழந்தையைத் தைரியமாக உள்ளே சுவரோரம் பாயில் கிடத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

கொத்தனார் அற்புதசாமி கரணையைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"இனிப் பயமே வேணாங்கம்மா. காலையில ஒரு நல்ல பாம்பு என்னைப் பார்த்துட்டுக் கல்லிடுக்குல புகுந்துச்சு. அதை அப்படியே வச்சுப் பூசிட்டேன். இந்தப் பக்கம் வர அதுக்கு வழியே கிடையாது!"

வீட்டுக்குள் குழந்தை எதையோ பார்த்துக் கலகலவென்று சிரித்தது.