தராஹுமாரா மரியாதை

“பெல்லை அடி அண்ணா! புட்டு ஆறுது.”

அனோஜன் அசையவில்லை. சந்திரவதனாவின் வீட்டு முன்மதிலில், வாசலைப் பார்க்காமல் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்திருந்தான். டண்டினொங் நகரத்துத் தூறல் அவன் தலையை நனைத்தது.

போன மாதம்தான் மெக்சிக்கோ சுற்றிவிட்டு வந்திருந்தான்.

“அங்க மலையில இருக்கிற தராஹுமாரா ஆக்களின்ர வீட்டை இப்பிடித்தான் போறது, ராகவி. தள்ளி இருக்கவேணும். விருப்பமெண்டால் அவையே வந்து கூப்பிடுவினம். இல்லாட்டி நாங்கள் எழும்பிப் போயிடவேணும்.”

“அது மலைக்காடு. இஞ்ச பெல் எண்டொரு சாமான் இருக்கு.”

“அங்க போன அண்டைக்கு எனக்குக் கொலைப்பசி. ஏன் வெளியில இருத்தி வைச்சிருக்கிறாய் எண்டு வழிகாட்டியோட சண்டை பிடிச்சனான். பிறகு அந்த வீட்டு அம்மா தானே வந்து, வறுத்த சோளமாவைக் கரைச்சுத் தந்தா. ஆரெண்டுகூடக் கேக்கேல்லை. சாகுமட்டும் மறக்கமாட்டன்.”

“நன்றி இருந்தாச் சரி. அதுக்காக அவையின்ர வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இஞ்ச காட்சி போடுறதோ? இப்பிடிச் செய்யிறது பிழையெண்டு எங்கட யூனிவர்சிட்டியில ஒரு பாடமே இருக்கு!”

“சோதினையில எழுது.”

ராகவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்குப் பைத்தியம் என்றால், உள்ளே இருக்கிற மனுசிக்குத் திமிர். ஊரிலிருந்து தனியாக வந்து குடியேறியவர் என்று கோயில்காரர் போனார்கள், சங்கத்து அன்ரிமார் போனார்கள், அம்மாவும் சாப்பாட்டோடு போனார். ஒருவருக்கும் கதவு திறக்கவில்லை. கடைக்குக்கூடப் போவதில்லையாம். “பட்டினி கிடக்குதோ தெரியாது” என்று அம்மா இன்றைக்கும் அழாக்குறையாகப் புட்டைக் கட்டித் தந்திருந்தார்.

“உதவி வேண்டாமெண்டு இருக்கிறவையை ஏன் கெஞ்சுவான்? எழும்பு, போவம்!”

திரைச்சீலை மெல்ல விலகியது. மூடியது.

பிறகு கதவு திறந்தது.

சந்திரவதனா தூறலுக்குள் நடந்து வந்தார். மெலிந்த கை. அனோஜனிடம் புட்டுப் பார்சலை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“தட்டாமல் இருந்தியள் தம்பி. நல்லா இருப்பியள். உள்ள வாங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

ராகவியால் வாயை அடக்க முடியவில்லை. “அம்மா வந்து அவ்வளவு தட்டினவ. ஏன் அன்ரி திறக்கேல்லை?”

“தட்டிற சத்தம் கேட்டா எனக்குக் கால் எழும்பாது பிள்ளை. ஊரில என்ர மனுசனைப் பிடிச்சுக் கொண்டுபோனவங்களும் அப்பிடித்தான் தட்டினவங்கள்.”