கைக்கு அடக்கமான கத்தி

"ஒரே வெட்டுல துண்டாகணும்!" என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தார் அந்த மாப்பிள்ளை.

கத்திக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். காடு, மலை என்று சுற்றுகிறவர்களுக்கு, ஆளுக்கு ஏற்றபடி கையாலேயே கத்தி செய்து கொடுப்பது அவர் தொழில். விறகு பிளக்க, கயிறு அறுக்க என்று கேட்டு வருவார்கள். இப்படிக் கண் மின்ன யாரும் வந்ததில்லை.

"எதை வெட்டணும்?"

"எதையும்தாங்க! என் மாமனாருக்குப் பிறந்தநாள் பரிசு. வெச்சிருக்கிறது நகைக்கடை, மனசு பூரா காட்டுல. அடுத்த வாரம் நாங்க ரெண்டு பேரும் கூடாரம் போடப் போறோம். சுத்துவட்டாரத்துல ஒரு ஈ, காக்கா இருக்காது!"

கத்தியின் நீளம், முனையின் வளைவு, பிடிக்கு எந்த மரம், உறையை இடுப்பில் மாட்டுவதா தோளில் மாட்டுவதா என்று காகிதம் காகிதமாக வரைந்து தள்ளினார் மாப்பிள்ளை. அந்த உற்சாகம் கத்திக்காரரையும் தொற்றிக்கொண்டது. அளவு பார்க்க வெட்டிய அட்டைக் கத்திகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் காற்றில் வீசி விளையாடினார்கள்.

"ரத்தம் பட்டா பிடி வழுக்குமா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

கத்திக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. ஓரமாக உட்கார்ந்து தோல் உறை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, ஊசியைத் தன் விரலிலேயே குத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை படி இறங்கியதும் ஓடி வந்தாள். "ஏங்க, என்ன கேட்டார்னு காதுல விழுந்துச்சா?"

"மீன் ரத்தமா இருக்கும்டி."

"மீன் வெட்டவா அத்தனை பெரிய கத்தி? திமிங்கிலமா பிடிக்கப் போறாங்க?"

மறுநாள் மாப்பிள்ளை தன் மாமனாரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கத்தியைப் பிடிக்கப் போகிறவர் முதலில் ஒரு மெழுகு உருண்டையை இறுக்கிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த அச்சைப் பார்த்துத்தான் கத்திக்காரர் பிடியைச் செதுக்குவார். இந்த விஷயத்தில் அவர் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை.

மாமனாருக்குப் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. வெதுவெதுப்பான மெழுகை ஆசையாக வாங்கிக்கொண்டார்.

"நல்லா அழுத்துங்க மாமா! இன்னும்! அஞ்சு விரலும் பதியணும்!"

"ஏன் மாப்பிள்ளை, பிரசவம் பாக்கற மாதிரி கத்தறீங்க?"

பட்டறையே சிரித்தது. கத்திக்காரரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் போனதும் கதவைச் சாத்தினாள்.

"எனக்குப் புரிஞ்சுடுச்சு. அவரோட கத்தி, அவர் கைக்குன்னே செஞ்ச பிடி. 'கால் தடுக்கித் தன் கத்தி மேலேயே விழுந்துட்டார்'னு சொன்னா எவன் சந்தேகப்படுவான்? கடை அப்படியே மாப்பிள்ளைக்கு!"

கத்திக்காரர் அந்த மெழுகு அச்சை எடுத்துப் பார்த்தார். பாவம், அந்தச் சிரிப்புக்கார மனுஷன்! அவர் உயிர் இப்போது இந்தப் பட்டறையில்தான் இருக்கிறது. உடனே மாமனாருக்குப் போன் போட்டார்.

மாப்பிள்ளை அடுத்த முறை துள்ளிக்கொண்டு வந்தபோது, கத்திக்காரர் வாசலிலேயே மறித்தார்.

"உங்களுக்குக் கத்தி கிடையாது. காரணம் உங்களுக்கே தெரியும். உங்க மாமனார்கிட்டயும் பேசிட்டேன். முதல்ல சிரிச்சார். நான் விடலையே! கடைசியில, காட்டுக்குத் தனியாவே போறேன், மாப்பிள்ளை இங்கேயே இருந்து கடையைப் பாத்துக்கட்டும்னு ஒத்துக்கிட்டார்."

மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனது.

"சரிங்க. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது, நான் என்ன சொன்னாலும் எடுபடாது. மாமா ஆசையாப் பிடிச்சுக் கொடுத்த அந்த மெழுகையாவது குடுங்க. ஞாபகமா வெச்சுக்கறேன்."

கத்திக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"குடுத்துத் தொலைங்க. மெழுகை வெச்சு யாரைக் குத்திட முடியும்?" என்றாள் அவள்.

ஜெயித்த மிதப்பில் கத்திக்காரருக்குத் தாராள மனசு வந்துவிட்டது. மெழுகில் ஒரு கீறல்கூட விழாதபடி பஞ்சில் பொதிந்து, நல்ல பெட்டியாகப் பார்த்து வைத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை தெருமுனை திரும்பியதுதான் தாமதம், மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப் பட்டறையைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டார்.

"ஒரு உயிரைக் காப்பாத்திட்டோம்டி!"

"நான் காப்பாத்தினேன்னு சொல்லுங்க!"

உண்மைதான். மாமனார் காட்டில் தன்னந்தனியாக ஆனந்தமாகக் கூடாரம் போட்டுத் தங்கி, உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் திரும்பி வந்தார்.

வந்த கையோடு, அவர் கட்டைவிரல் ரேகை பட்டால் மட்டுமே திறக்கும் கடை லாக்கரைத் திறந்து பார்த்தால், உள்ளே நகையும் இல்லை, ஊருக்குள் மாப்பிள்ளையும் இல்லை.