மச்சானுக்குக் கொடுக்காத கை

“அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்!”

வார்டுக்குள் நுழைந்த அப்துல் அஜீஸ், இரண்டு கைகளையும் நீட்டியபடியே கட்டிலை நோக்கி வந்தார். பின்னால் அவருடைய அக்கா நஃபீசா.

கட்டிலில் கிடந்த அவள் கணவர் சேக் தாவூது, “வ அலைக்கும் சலாம்” என்றார். கைகள் மட்டும் போர்வைக்குள் போய்விட்டன. “அங்கேயே நில்லு. கிட்ட வராதே.”

நஃபீசா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

ஆறு வருஷமாக இவர்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. அஜீஸ் மகளின் கல்யாணப் பத்திரிகையில் சேக் தாவூதின் பெயர் விட்டுப்போனது. அன்றைக்கு முறைத்துக்கொண்டவர்கள்தான். கால்விரல் ஆபரேஷனுக்காகக் கணவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒன்பது நாள். மூன்று நாளாக போனில் கெஞ்சி, இன்றுதான் தம்பியை பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து வரவழைத்திருந்தாள்.

“பேரு விட்டது என் தப்புதான் மச்சான். திங்கட்கிழமை எனக்கு பைபாஸ். அதுக்கு முன்னாடி உங்களுக்குக் கை குடுத்து சலாம் சொல்லிட்டுப் போயிரலாம்னு வந்தேன்.”

“முடிச்சிட்டு வா. அப்பக் கை தர்றேன்.”

“நான் மௌத்தாயிட்டா?”

“சாகமாட்டே லா. உன்னை எனக்குத் தெரியாதா? போ. வாசல்ல கை கழுவுற மருந்து வெச்சிருக்காங்க, கையை நல்லாத் தேச்சுட்டுப் போ.”

“கையைத் தொடவேயில்ல, அதுக்குள்ள கழுவ வேறயா?” அஜீஸின் முகம் சுண்டிப்போனது. “வர்றேன் ராத்தா” என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார்.

நஃபீசா பொங்கிவிட்டாள். “மனுஷனா நீங்க? நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணப்போறாங்க அவனுக்கு. ஒரு கை குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க?” போர்வையை இழுக்கப் போனாள்.

“நீயும் தொடாதே!” சேக் தாவூது காலை நகர்த்திக்கொண்டார். “நீங்க வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிதான் நர்ஸ் சொல்லிட்டுப் போச்சு. மருந்துக்கு அடங்காத கிருமி ஒண்ணு, இங்க வந்த இடத்துல என் மேல ஏறியிருக்காம். தனி ரூமுக்கு மாத்தப்போறாங்க. அதைச் சொல்லியிருந்தா, ‘வந்தா வரட்டும் மச்சான்’னு கட்டிப் பிடிச்சிருப்பான், உன் தம்பி!”